ஓராள் நூலகங்கள்: பயிற்சியும் ஊர்ப்பணியும்



தமிழ்நாட்டில் பொது நூலக இயக்ககத்தின் கீழ் 4,600-க்கும் மேற்பட்ட நூலகங்கள் இருக்கின்றன. நூலகம் என்றதும் நாளிதழ்களில் படமாக வருபவை சிலதான்: 1896 முதல் எழும்பூரில் நிற்கும் கன்னிமாரா, 2010-இல் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023-இல் மதுரைக்கு வந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். இவை நமக்கு வேண்டியவை, பெருமை தருபவை. ஆனால் மொத்தக் கணக்கில் மிகப் பெரும்பகுதி கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் பகுதிநேர நூலகங்களும்தான். ஒரு கூடம், சில இரும்பு அலமாரிகள், நாளிதழ் மேசை, வருகைப் பதிவேடு. அவற்றில் பலவற்றில் ஒரே ஒரு நூலகர். கதவைத் திறப்பவர் அவர். கூட்டிப் பெருக்குபவர், நூல் வழங்குபவர், கணக்கு எழுதுபவர், மாலையில் விளக்கை அணைத்துப் பூட்டுபவர் எல்லாம் அவரே. இந்த ஓராள் நூலகத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

என் வாதத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். சிறிய நூலகத்தின் நூல் தொகையை ஓரளவுக்கு மேல் பெருக்க முடியாது. அதற்கு இடமும் பணமும் போதாது. ஆனால் அந்த ஊரைப் பற்றி நூலகருக்கு உள்ள அறிவையும், நூல்களைப் பற்றி அவருக்கு உள்ள அறிவையும் பெருக்க எல்லை கிடையாது. ஆகவே நூலகருக்குத் தொடர்ந்து தரும் பயிற்சியும், ஊர் மக்களை வைத்து அவர் நடத்தும் நிகழ்ச்சிகளும் சிறிய நூலகத்தின் அடிப்படைச் செலவுகள். மிச்சம் இருந்தால் செய்துகொள்ளலாம் என்று ஒதுக்கிவைக்கும் செலவாக அவற்றை நடத்துவதால்தான் நம் சிறிய நூலகங்கள் தளர்ந்திருக்கின்றன. பயிற்சியையும் நிகழ்ச்சியையும் இரு துறைகளாகப் பிரித்ததும் தவறு என்பது என் கருத்து. நிகழ்ச்சி நடத்தும்போதுதான் நூலகர் தன் ஊரைக் கற்கிறார். கற்ற நூலகரால்தான் பொருளுள்ள நிகழ்ச்சி நடத்த முடியும்.

இது புதிய கருத்தல்ல. நம் நூலக இயக்கத்தின் வரலாற்றில் காரியங்கள் எந்த வரிசையில் நடந்தன என்று பாருங்கள். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டே, 1929-இல், அந்தச் சங்கம் நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கிவிட்டது. நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் நூலாக்கியது 1931-இல். அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளையின் மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. பொது நூலகச் சட்டம் வந்ததோ 1948-இல். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது. பயிற்சி வகுப்புக்கும் சட்டத்துக்கும் இடையே 19 ஆண்டுகள். நூலக வரி, நூலக ஆணைக்குழு, கட்டடம் எல்லாம் வருவதற்கு முன்பே, வேலை தெரிந்த மனிதர்களை உருவாக்குவதும், வாசகர் இருக்கும் இடத்துக்கு நூலைக் கொண்டுபோவதும் தொடங்கிவிட்டன. பின்னால் நாம் அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொண்டோம். கட்டடம் முதலில், நூல் அடுத்து, ஆள் கடைசியில் என்று ஆனது.

தலைகீழ் வரிசையின் விளைவை நாம் கண்கூடாகவே கண்டோம். 2006-க்குப் பின் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுப்ப வேண்டும் என்று அரசு எண்ணியது. எண்ணம் மிக உயர்ந்தது. தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு நூலகம் என்பது எந்த நாடும் பெருமைப்படக்கூடிய கனவு. கட்டடங்கள் எழுந்தன, நூல்கள் வந்தன. பல ஊர்களில் அவை பின்னர் பூட்டிக் கிடந்தன. காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. பொறுப்பாளருக்குக் கிடைத்தது சிறு மதிப்பூதியம். அவருக்கு நூலகப் பயிற்சியோ, பக்கத்து நூலகரோடு தொடர்போ, ஊரில் என்ன செய்யலாம் என்ற வழிகாட்டலோ பெரிதாக இல்லை. நூல்களும் சுவர்களும் தாமாக நூலகமாகிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று நம்மிடம் இல்லை.

இப்போது சிறிய நூலகத்தின் கணக்கைப் பார்ப்போம். அண்ணா நூற்றாண்டு நூலகம் 12 லட்சம் நூல்கள் வைக்கும் அளவுக்குத் திட்டமிடப்பட்டது. அங்கே ஒருவர் எதைத் தேடிப் போனாலும் அது இருக்க வாய்ப்பு உண்டு. பட்டியலே வழிகாட்டும், நூலகர் அவருடைய முகத்தைப் பார்க்காமலேகூட வேலை முடிந்துவிடும். சில ஆயிரம் நூல்கள் உள்ள ஊர்ப்புற நூலகத்தில் அந்த வாய்ப்பு இல்லை. அங்கே நாவல் விரும்பும் ஒருவர் இரண்டு மூன்று ஆண்டுகளில் தமக்குரிய அலமாரியை முடித்துவிடுவார். மண் பரிசோதனை பற்றித் தெரிய வேண்டிய உழவருக்கும், முதியோர் ஓய்வூதிய விண்ணப்பம் நிரப்ப வேண்டிய பாட்டிக்கும் உரிய நூல் அங்கே இல்லாமலே போகலாம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்று ரங்கநாதன் வகுத்த இரண்டு விதிகளைப் பெரிய நூலகத்தில் தொகையும் பட்டியலும் நிறைவேற்றும். சிறிய நூலகத்தில் அவற்றை நிறைவேற்றக்கூடியது நூலகரின் நினைவு ஒன்றுதான். யார் தையல் கற்கிறார், யார் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் பெண் இருக்கிறாள், எந்தச் சிறுவன் படம் மட்டும் பார்த்துவிட்டுப் புத்தகத்தை வைத்துவிடுகிறான் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் அந்தச் சில ஆயிரம் நூல்களும் உயிர்பெறும். தெரியாவிட்டால் அவை இருப்புக் கணக்கு மட்டுமே.

ஊரைப் பற்றிய இந்த அறிவு நூல் வழங்கும் மேசையில் உட்கார்ந்திருந்தால் முழுமையாக வந்துவிடாது. மேசைக்கு வருபவர் ஏற்கெனவே வாசகர். வராதவரை அறியத்தான் நிகழ்ச்சி. ஊட்டச்சத்து பற்றியோ, சுயஉதவிக் குழுவின் வங்கிக் கணக்கு பற்றியோ இருபது பெண்கள் கூடிப் பேசும்போது, அவர்கள் கேட்கும் கேள்விகளிலிருந்து நூலகருக்கு அந்த ஊரின் தேவை புலப்படுகிறது. அடுத்த வாரம் அவர்களில் ஐந்து பேருக்கு எந்த நூலை எடுத்து நீட்டலாம் என்று அவருக்குத் தெரிகிறது. ஆகவே நிகழ்ச்சி என்பதை நான் நூல் வழங்கலுக்கு வெளியே உள்ள கலை விழாவாகப் பார்க்கவில்லை. இன்னும் வாசகர் ஆகாதவருக்குச் செய்யும் நூல் வழங்கல் அது.

நம் நூலகருக்கு இப்போது கிடைக்கும் கல்வி என்ன? ஊர்ப்புற நூலகர் பணிக்கு நூலக அறிவியல் சான்றிதழ் படிப்பு வேண்டும். பகுப்பாக்கம், பட்டியலாக்கம், நூலக நிர்வாகம், நூல்களைப் பேணுதல் அதில் கற்பிக்கப்படுகின்றன. இவை இல்லாமல் தொழில் இல்லை. நான் இவற்றைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பணியில் சேர்ந்த பிறகு நடக்கும் பயிற்சிகளும் பெரும்பாலும் பதிவேடு, மென்பொருள், அறிக்கை அனுப்புதல் என்ற வட்டத்துக்குள்ளேயே சுற்றுகின்றன. குழந்தைகளுக்கு எப்படி வாய்விட்டு வாசித்துக் காட்டுவது என்று யார் கற்றுத்தருகிறார்கள்? அது பார்க்க எளிதாகத் தெரியும் அருந்திறன். படம் குழந்தைகளை நோக்கி இருக்கும்படி புத்தகத்தைப் பிடிக்க வேண்டும். கடைசி வரிசைக் குழந்தைக்கும் படம் தெரியாவிட்டால் அந்தப் புத்தகம் கூட்டத்துக்கு உரியதல்ல. இரண்டு பேருக்கு மடியில் வைத்து வாசிக்க உரியது. எந்தப் பக்கத்தில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்கலாம், எங்கே கேட்கக் கூடாது என்று தெரிய வேண்டும். ஐந்து வயதும் பதினோரு வயதும் ஒன்றாக உட்கார்ந்திருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது? கதை முடிந்ததும் அறிவுரை சொல்லாமல் புத்தகத்தைக் குழந்தையின் கையில் கொடுத்துவிடும் அடக்கம் வேண்டும். இவை எல்லாம் பார்த்தும் செய்தும் திருத்திக்கொண்டும் கற்பவை. ஒரு சுற்றறிக்கையால் இவற்றைக் கற்பித்துவிட முடியாது.

கலந்துரையாடல் நடத்துவதும் அப்படியே. ஊரில் உரக்கப் பேசும் மூவர் பேச்சை எடுத்துக்கொள்ளாதபடி, பேசத் தயங்குபவரிடம் கேள்வியைக் கொண்டுபோவது ஒரு திறன். ஊராட்சித் தலைவரிடம் ஒரு மின்விசிறி கேட்டு வாங்குவதும், பள்ளித் தலைமையாசிரியரோடு நூலக நேரம் பற்றிப் பேசி முடிப்பதும் திறன்கள். கைப்பேசியில் அரசு விண்ணப்பம் நிரப்ப உதவும்போது விண்ணப்பிப்பவரின் ஆதார் எண்ணையும் வங்கி விவரத்தையும் காகிதத்தில் எழுதி வைத்துவிடாத கவனமும் தொழிற்கல்வியின் பகுதியே. யுனெஸ்கோ 1994-இல் வெளியிட்ட பொது நூலக அறிக்கை நூலகரை வாசகருக்கும் அறிவு வளங்களுக்கும் இடையே முனைந்து நிற்கும் இணைப்பாளர் என்று கண்டு, அவருக்குத் தொடர் கல்வி தவிர்க்க முடியாதது என்றது. அந்த அறிக்கை சிறிய நூலகத்துக்கு விலக்கு எதுவும் தரவில்லை.

போட்டித் தேர்வு மாணவர்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இன்று பல கிளை நூலகங்களில் காலையில் முதலில் வந்து மாலையில் கடைசியாகப் போகிறவர்கள் அவர்களே. சொந்தப் புத்தகத்தோடு வருகிறார்கள். நூலகத்திடம் அவர்கள் கேட்பது நாற்காலி, விளக்கு, நாளிதழ், அமைதி. இது நூலகப் பயன்பாடே அல்ல என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வீட்டில் தனி அறை இல்லாத இளைஞருக்கு ஊர் தரும் ஒரே படிப்பறை நூலகம் என்றால் அது நூலகத்துக்குச் சிறப்பு. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் நூலகர் வெறும் இருக்கைக் காவலர் ஆகிவிடுவார். பயிற்சி பெற்ற நூலகர் இதே இளைஞர்களை ஊர்ப்பணியின் முதுகெலும்பாக்கலாம். வாரம் ஒரு மணி நேரம் இவர்களில் இருவர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லித்தரலாம். தேர்வுக்காகத் தமிழ்நாட்டு வரலாற்றைப் படிப்பவர்கள் தம் ஊர்க் கோயில் கல்வெட்டையும், ஏரியின் பழைய பெயரையும், அஞ்சல் நிலையம் வந்த ஆண்டையும் தேடித் தொகுத்து நூலகத்தில் ஒரு கோப்பாக வைக்கலாம். அப்படி ஒரு கோப்பு வேறெந்த நூலகத்திலும் இருக்காது.

இனி, ஊர் நிகழ்ச்சிகளை நூலகப் பணியோடு இணைத்துச் செய்து பார்த்த இடங்கள். 1951 அக்டோபரில் நேரு திறந்துவைத்த தில்லி பொது நூலகம், யுனெஸ்கோவும் இந்திய அரசும் சேர்ந்து நடத்திய முன்னோடித் திட்டம். புதிதாக எழுத்தறிவு பெற்றவர்கள் நிறைந்த ஒரு நகரத்தில் பொது நூலகம் எப்படி வேரூன்றும் என்பதே அங்கே ஆராயப்பட்ட கேள்வி. அதனால் நூல் வழங்கும் பிரிவோடு சமூகக் கல்விப் பிரிவு ஒன்றையும் வைத்தார்கள். உரைகள், கலந்துரையாடல், நாடகம், திரைப்படக் காட்சி நடந்தன. சுதந்திர இந்தியாவின் மாதிரிப் பொது நூலகத்தில் இவை பிற்சேர்க்கையாக வரவில்லை, வரைபடத்திலேயே இருந்தன. கேரளத்தில் பி. என். பணிக்கர் 1945-இல் 47 சிறு நூலகங்களை அம்பலப்புழையில் கூட்டி ஒரு சங்கமாக்கினார். இன்று 8,000-க்கும் மேற்பட்ட நூலகங்கள் அம்மாநில நூலகக் கவுன்சிலில் இணைந்துள்ளன. அங்கே நூலகங்களை ஆண்டுதோறும் ஏ முதல் எஃப் வரை தரம் பிரித்து, தரத்துக்கேற்ப மானியம் தருகிறார்கள். தரம் நிர்ணயிப்பதில் நூல் எண்ணிக்கையோடு, குழந்தைகள் மன்றம், பெண்கள் மன்றம், கருத்தரங்கு போன்ற செயல்பாடுகளும் எடைபோடப்படுகின்றன. செயல்பட்டால் பணம் வரும் என்று ஆனபோது ஒரு சிற்றூரின் நிர்வாகக் குழு தன் நூலகத்துக்காக ஓடியாடுகிறது. குறைகள் அங்கும் உண்டு: நூலகருக்குக் கிடைப்பது பெரும்பாலும் குறைந்த மதிப்பூதியம், கட்சி அரசியலின் நிழல் நிர்வாகக் குழுக்களில் விழுகிறது. ஊர் நூலகத்தைத் தன்னுடையது என்று நினைக்கச் செய்ததில் அவர்கள் வென்றார்கள். நூலகரின் வாழ்வாதாரத்தில் இன்னும் வெல்லவில்லை. நம் மாநிலத்தில் சட்டமும் வரியும் அரசுப் பணியிடமும் இருக்கின்றன. ஊரின் பிடிப்புதான் போதவில்லை. இரண்டையும் ஓரிடத்தில் சேர்க்க முடியாது என்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

கர்நாடகத்தின் அனுபவம் இன்னும் அண்மையது. கிராம ஊராட்சி நூலகங்களை 2019-இல் அம்மாநிலம் ஊரக வளர்ச்சித் துறைக்கு மாற்றியது. 5,600-க்கும் மேற்பட்ட அந்தச் சிறு நூலகங்களில் 2020-இல் ‘ஓதுவ பெளக்கு’ என்ற இயக்கம் தொடங்கியது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலம் அது. பிள்ளைகளுக்குக் கட்டணமில்லா உறுப்பினர் அட்டை, வாசிப்பு நேரம், கதை, சதுரங்கம் என்று நூலகத்துக்குள் குழந்தைகளை அழைத்தார்கள்; பிள்ளைகள் லட்சக்கணக்கில் உறுப்பினரானார்கள். நூலக மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சியும் சேர்ந்தே நடந்தது. துறை மாற்றம் சரியா என்பதில் எனக்கே தயக்கம் உண்டு. நூலகத் தொழில் தன் தாய்த்துறையோடு கொண்ட தொடர்பு அறுந்தால் நாளடைவில் தரம் கெடும். ஆனால் ஒன்று மறுக்க முடியாதது. அதே கட்டடங்களும் பெரும்பாலும் அதே ஆட்களும் இருக்க, வேலையின் வரையறை மாறியபோது நூலகத்துக்குள் வருகிறவர்கள் மாறினார்கள்.

என் வாதத்துக்கு எதிராக எழும் கருத்துகளில் முதலாவது, நூலகம் அமைதியாகப் படிக்கும் இடம், அதைக் கூட்ட மண்டபம் ஆக்காதீர்கள் என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரே கூடம் உள்ள இடத்தில் கதை நேரமும் தேர்வுப் படிப்பும் மோதத்தான் செய்யும். நேரம் பிரித்து, முன்கூட்டியே எழுதி ஒட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. இந்தக் கருத்தின் இன்னொரு பகுதியை நான் முழுமையாகவே ஏற்கிறேன். பொன்னாடை, வரவேற்புரை, முன்னிலை, தலைமை, வாழ்த்துரை, நன்றியுரை என்று நீண்டு, ஒருவர்கூட ஒரு நூலைத் தொடாமல் கலைந்துபோகும் விழா நூலக நிகழ்ச்சி ஆகாது. தேசிய நூலக வார விழாக்களில் சில அப்படி முடிவது வேதனையானது. பேசப்பட்ட பொருளைப் பற்றிய நான்கு நூல்கள் வாசலில் மேசை மீது இருந்து, அவற்றில் இரண்டு அன்றே வீட்டுக்குப் போயிருந்தால், பத்துப் பேர் வந்திருந்தாலும் அது நல்ல நிகழ்ச்சி.

இரண்டாவது எதிர்ப்பு மிக வலுவானது. குறைந்த ஊதியத்தில், மாற்று ஆள் இல்லாமல், தனியாக நூலகத்தை நடத்துபவர் மேல் இன்னும் ஒரு சுமையா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஊதியத்தையும் பணி நிலையையும் சரிசெய்யாமல் ஆர்வத்தை மட்டும் எதிர்பார்ப்பது சுரண்டல் என்றே சொல்வேன். அதோடு, புதிய வேலையைச் சேர்க்கும்போது பழைய வேலை ஒன்றை எடுத்துவிட வேண்டும். எதை எடுப்பது? இருப்புச் சரிபார்ப்பைச் சுற்றி வளர்ந்த அச்சத்தை எடுங்கள் என்கிறேன். ஒரு நூல் குறைந்தால் தன் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று அஞ்சும் நூலகர் அலமாரியைத் திறந்து வைக்க மாட்டார். அங்கன்வாடிக்கு இருபது படப்புத்தகங்களைத் துணிந்து அனுப்ப மாட்டார். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளே, ஓர் ஆண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்க்கப்பட்ட 1,000 நூல்களுக்கு 5 நூல் இழப்பை, நேர்மைக் குறைவோ கவனக் குறைவோ இல்லாதபோது, இயல்பானதாக ஏற்கின்றன. அதே விதியில் இன்னொன்றையும் கவனியுங்கள். 20,000 நூல் வரை உள்ள நூலகத்தை ஆண்டுதோறும் முழுமையாகச் சரிபார்க்க வேண்டும். 50,000 வரை உள்ளது மூன்றாண்டுக்கு ஒருமுறை. அதற்கும் மேல் என்றால் மாதிரிக்குச் சில நூல்களை எடுத்துச் சரிபார்த்தால் போதும். நூல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது பொருத்தமே. ஆள் எண்ணிக்கையைப் பார்த்தால், ஓராள் நூலகத்துக்குத்தான் ஒப்பீட்டளவில் பெரிய சுமை. சிறிய பொது நூலகங்களுக்கு இயல்பான இழப்பளவை எழுத்து வடிவில் அறிவித்து, சரிபார்ப்புக்கு மாவட்டத்திலிருந்து துணை ஆட்களும் அனுப்பினால், நூலகருக்குப் பல நாட்கள் மிச்சமாகும். மனத்தில் மிச்சமாகும் இடம் அதைவிடப் பெரியது.

பயிற்சிக்குச் செலவழிப்பது வீண், சான்றிதழ் வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள் என்பது மூன்றாவது எதிர்ப்பு. தலைநகரத்தில் மூன்று நாள், ஐந்து பேராசிரியர்கள், திரையில் எழுத்துகள், கடைசி நாள் குழுப்படம் என்ற வகைப் பயிற்சிக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தும். அமெரிக்காவில் சிற்றூர் நூலகங்கள் பலவற்றை நூலகப் பட்டம் பெறாதவர்களே நடத்துகிறார்கள். அங்கே பல மாநிலங்கள் ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் தொடர் கல்வி என்று வகுத்திருக்கின்றன. 2003 முதல் வெப்ஜங்ஷன் என்ற இணையவழிப் பயிற்சித் தளம் உண்டு. ஊரக, சிறு நூலகங்களுக்கென்றே தனிச் சங்கம் உண்டு. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, சிறு நூலகரின் நல்லாசிரியர் இன்னொரு சிறு நூலகர் என்பதை. இணையவழி வகுப்பை மட்டும் அப்படியே கொண்டுவந்தால் போதாது. தனியாக உட்கார்ந்து காணொளி பார்ப்பவர் கூட்டத்தைக் கையாளக் கற்க மாட்டார். ஏற்கெனவே தனிமையில் வேலை செய்பவருக்குப் பயிற்சியும் தனிமையிலா? அருகருகே உள்ள எட்டுப் பத்து நூலகங்களை ஒரு வட்டமாக்கி, மாதம் ஒருமுறை, ஒவ்வொரு மாதமும் வேறொரு நூலகத்தில் அவர்கள் கூட வேண்டும். அன்று அந்த நூலகர் நடத்தும் கதை நேரத்தை மற்றவர்கள் பார்க்கட்டும். பார்த்ததைப் பற்றி அன்பாகவும் ஒளிக்காமலும் பேசட்டும். அந்தந்த ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் ஒருவருக்கு அன்று கதவைத் திறந்து வைக்கும் பொறுப்பைக் கொடுத்தால், கூட்டத்துக்குப் போன நூலகரின் நூலகம் பூட்டிக் கிடக்க வேண்டியதும் இல்லை.

ஊர்ச் செல்வாக்கு நூலகத்தைக் கைப்பற்றிவிடும் என்ற எச்சரிக்கையையும் நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நிகழ்ச்சிக்குக் கதவு திறந்தால் கட்சியும் சாதிச் சங்கமும் மேடை கேட்டு வரும். எந்த அமைப்பின் கொடிக்கும் பதாகைக்கும் நூலகத்தில் இடமில்லை, எல்லா நிகழ்ச்சியும் எல்லோருக்கும் திறந்தது என்ற விதியை இயக்ககமே எழுதித் தந்தால் தனி நூலகர் ஊரோடு மல்லுக்கட்ட வேண்டியிராது. ஆனால் கைப்பற்றல் நிகழ்ச்சியால்தான் தொடங்கும் என்று நினைப்பது தவறு. நம் ஊர்களில் நூலகக் கட்டடம் எந்தத் தெருவில் நிற்கிறது என்பதே யார் உள்ளே வருவார்கள் என்பதைப் பாதி தீர்மானித்துவிடுகிறது. ஊர்த்தெருவில் நூலகம் இருந்து, காலனியிலிருந்து பிள்ளைகள் வரத் தயங்கினால், ‘அனைவரும் வருக’ என்ற பலகை அந்தத் தயக்கத்தைப் போக்காது. அங்கேதான் நிகழ்ச்சியின் பெரும் பயன் தெரிகிறது. கட்டடத்தை நகர்த்த முடியாது. கதை நேரத்தை நகர்த்தலாம். நூலகர் ஒரு பை நூல்களோடு காலனியின் அங்கன்வாடிக்கும், ஊரக வேலைத் திட்டப் பணி நடக்கும் இடத்தில் உணவு இடைவேளைக்கும் போகலாம். அங்கே அவரிடம் உறுப்பினர் அட்டை பெற்ற பிள்ளை, தன்னைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்து நூலகத்துக்கு வருவாள். சாதித் தடையை உடைக்கும் வல்லமை ஒரு நூலகருக்கு உண்டு என்று பெரிதாகச் சொல்லமாட்டேன். அவர் சும்மா இருந்தால் அந்தத் தடை நூலகத்தின் உள்ளும் நிற்கும் என்பது மட்டும் உறுதி.

எல்லாம் கைப்பேசியில் கிடைக்கிறதே என்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: கைப்பேசியில் கிடைப்பவற்றுள் எது பொய், எது மோசடி, எது விளம்பரம் என்று ஊரில் யாரிடம் கேட்பது? அந்த ஆள் நூலகராக இருக்க வேண்டும் என்றால், அதற்கும் பயிற்சிதான் வழி.

பணம் எங்கே என்ற கேள்விக்கு வருகிறேன். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக மக்கள் செலுத்துகிறார்கள். உள்ளாட்சிகள் அதை வசூலித்தும் நூலக ஆணைக்குழுக்களுக்கு உரிய காலத்தில் தராமல் நிலுவை வைப்பது அடிக்கடி செய்தியாகிறது. அது நூலகத்துக்கென்று மக்கள் கொடுத்த பணம். தாமதிக்க யாருக்கும் உரிமை இல்லை. நான் கேட்பது பெருந்தொகையும் இல்லை. ஒவ்வொரு சிறிய நூலகத்துக்கும் ஆண்டுக்கு ஒரு சிறு தொகை, முன் அனுமதி இல்லாமல் நூலகர் தம் பொறுப்பில் செலவழிக்கும்படி வேண்டும். வெளியூரிலிருந்து வரும் கதைசொல்லிக்குப் பேருந்துக் கட்டணம், பாய், வண்ணப் பென்சில், ஊர் கேட்ட நான்கைந்து நூல்கள் என்று அது செலவாகட்டும். நூல் கொள்முதல் பெரும்பாலும் மேலிருந்தே நடக்கும் அமைப்பில், ஊரை அறிந்த ஒருவர் தாமே தேர்ந்து வாங்கும் அந்த நான்கைந்து நூல்களுக்குத் தனி மதிப்பு உண்டு.

அந்தப் பணம் பயன்பட்டதா என்பதை எப்படி அறிவது? தலை எண்ணிக்கையைக் கேட்டால் தலை எண்ணிக்கைதான் வரும். வேறு ஒன்றைப் பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு சிறிய நூலகத்திலும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். நிகழ்ச்சியிலோ மேசையிலோ ஊர் மக்கள் கேட்டு, நூலகரால் விடை தர முடியாமல் போன கேள்விகளை அதில் தேதியோடு எழுத வேண்டும். கேட்டவர் பெயர் வேண்டாம். இந்த வேரழுகல் நோய்க்கு என்ன மருந்து, கண் தெரியாத என் மகனுக்குப் பாடநூல் ஒலிவடிவில் கிடைக்குமா, பட்டாவில் பெயர் மாற்ற எங்கே போவது என்பவை போன்றவை. இதுவரை நம் துறையில் விடை தெரியாமை என்பது மறைக்க வேண்டிய குறையாக இருந்தது. இந்தக் குறிப்பேட்டை வைத்து யாரையும் குறை சொல்லக் கூடாது என்று மாவட்ட நூலக அலுவலர் எழுத்தில் உறுதி தர வேண்டும். மாதந்தோறும் வட்டக் கூட்டம் இந்தக் குறிப்பேடுகளைத் திறந்து வைத்துத் தொடங்கட்டும். பத்து நூலகங்களின் கேள்விகளில் ஒருவருக்குத் தெரியாதது இன்னொருவருக்குத் தெரிந்திருக்கும். யாருக்கும் தெரியாதது மாவட்ட மைய நூலகத்துக்கும், அங்கிருந்து கன்னிமாராவுக்கும் போகட்டும். விடை எழுத்தில் திரும்பி வரட்டும். மூன்று ஊர்களில் ஒரே கேள்வி வந்திருந்தால் அடுத்த மாத நிகழ்ச்சியின் பொருள் அதுவே. வேளாண் அலுவலரையோ சிறப்பாசிரியரையோ அழைக்கலாம். நூலகர்களில் பலருக்குத் தெரியாத ஒரு திறன் அதில் தெரியவந்தால் அடுத்த பயிற்சியின் பாடம் அதுவே. பாடத்திட்டத்தைச் சென்னையில் உட்கார்ந்து வகுக்க வேண்டிய தேவையே குறைந்துவிடும்.

இதைத் தொடங்கப் புதிய சட்டம் தேவையில்லை. வட்டக் கூட்ட நாளைப் பணி நாளாகக் கணக்கிட்டு, பயணப்படி தந்து, அன்று நூலகத்தை வாசகர் வட்டத்தார் கவனிக்கலாம் என்று அனுமதிக்கும் ஓர் ஆணை போதும். முதலில் ஒரு மாவட்டத்தில், ஒரே ஒரு வட்டத்தில், ஓர் ஆண்டு நடத்திப் பார்க்கலாம். வட்டத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பை ஊர்ப்புற நூலகர் ஒருவரிடமே கொடுக்க வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள். மாவட்ட மைய நூலகத்திலிருந்து வரும் அலுவலர் அந்தக் கூட்டத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்து கேட்கட்டும்.